நான்கு கிராம்

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. பாதிக் கோபம் சீதாராமன் மேல், மீதி என் மேல்.

ஹைதராபாத் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனி. குழந்தைகளின் சிரப்பில் கலக்கும் பொடியைத் தயாரிக்கிறோம். அதன் பரிசோதனைக் கூடத்தில் மரியபுஷ்பம் அக்கா இருபத்தாறு வருடமாக இருக்கிறார்; எனக்கும் அங்கேதான் வேலை. அல்வாலிலிருந்து பஸ்ஸில் வருவார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் அவர் தமிழில் பாதி ஹைதராபாத் இருக்கும்: ஏனுக்குக் 'கைக்கு', ஆமாவுக்கு 'ஹவ்', வேண்டாமுக்கு 'நக்கோ'. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் பாக்கி.

பொடியில் ஈயம் பத்து பிபிஎம்மை, கிராமுக்குப் பத்து மைக்ரோகிராமை, தாண்டக் கூடாது. ஒரு கண்ணாடிக் குழாயில் இரண்டு கிராம் பொடி. இன்னொன்றில் ஸ்டாண்டர்ட், அதாவது ஈய உப்பை அளந்து கரைத்த நீர், ஒரு மில்லி. அதில் ஈயம் இருபது மைக்ரோகிராம். இருபதை இரண்டால் வகுத்தால் பத்து. இரண்டு குழாயிலும் பழுப்பு நிறம் வரவைத்து மேலிருந்து பார்ப்போம். ஸ்டாண்டர்டைவிடப் பொடி கறுத்தால் அந்த பேட்ச் ஃபெயில்.

செவ்வாய்க்கிழமை ஒரு பேட்ச் கறுத்தது. புதன் காலை மேலாளர் சீதாராமன், அதிசயமாக, தானே புது ஸ்டாண்டர்ட் கலக்கி வைத்தார். பாட்டிலில் இருபது என்று லேபிள். பதிவேட்டில் 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தைக் காட்டினார். வழக்கம்போல் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா மறுபடி சோதித்தார். இந்த முறை பொடி வெளிறித் தெரிந்தது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது பொடியை அல்ல, ஸ்டாண்டர்டை.

"கைக்கு சார் இது இவ்ளோ கறுப்பா இருக்கு? இந்தக் கலரை இருபத்தாறு வருசமா பாக்கறேன். இது டபுள்."

"கண்ணாடியை மாத்துங்க ஆண்ட்டி" என்றார் சீதாராமன். "பாஸ்னு எழுதி சைன் பண்ணுங்க. கடைசி ரெண்டு வருஷம் நிம்மதியா போகட்டும்."

மிரட்டலைக்கூடக் கரிசனம் மாதிரி சொல்கிற ஆள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா நேரே தராசுக்குப் போனார். நான்கு கிராம் நிறுத்தார். அதே பாட்டில், அதே ஒரு மில்லி. இப்போது பொடி ஸ்டாண்டர்டைவிடக் கறுத்திருந்தது.

"நாலு கிராம் போட்டா கறுக்காம என்ன பண்ணும்? மெத்தட்ல ரெண்டுதானே?" என்றார் சீதாராமன்.

"ஹவ் சார், ரெண்டுதான். பாட்டில்ல நாப்பது இருந்தா நாலு போட்டாத்தான் பத்து வரும். நீங்க அதை டபுள் பண்ணீங்க, நான் இதை டபுள் பண்ணேன். இல்ல, இருபதுதான்னா ஈய உப்பு அலமாரி சாவியைக் குடுங்க. உங்க எதிர்லயே புதுசா கலக்கறேன்."

சாவி சீதாராமனின் சட்டைப் பையைவிட்டு வெளியே வரவில்லை.

"நக்கோ ஆண்ட்டி" என்று அக்காவின் பேச்சையே திருப்பிக் கிண்டலடித்தார். "கணேஷ்குமார் செக் பண்ணி சைன் போட்டிருக்கார். அது போதும்."

அக்கா பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "கணேஷ், சார் நிறுக்கறப்ப நீங்க பாத்தீங்களா?"

அவர் ஈய உப்பை நிறுக்கும்போது நான் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

யாரும் சரிபார்க்காத ஸ்டாண்டர்டை வைத்து எந்த பேட்சையும் பாஸ் பண்ண முடியாது. எங்கள் பதிவேட்டில் எதையும் அழிக்கவும் கூடாது. ஒற்றைக் கோடு இழுத்து, தேதி போட்டு, காரணம் எழுத வேண்டும். என் கையெழுத்தின் மேல் கோடு இழுத்தேன். தேதி போட்டேன்.

காரணம்: பார்க்காமல் போட்டது.