படி முடிஞ்சது, வா

கண்ணாடிக் கடைக்காரரின் மனைவிக்கு எங்கள் தெருவில் கண்ணாடி அக்கா என்று பேர். கடையில் வேலைக்கு ஆள் கிடையாது. அவர் அறுப்பார், அவள் ஓரம் தேய்ப்பாள். கொண்டுபோய் மாட்டுவது இரண்டு பேரும் சேர்ந்து.

பெரிய கண்ணாடியை மாடிக்கு ஏற்ற அவர்களுக்கென்று ஒரு முறை உண்டு. நிமிர்த்தி நிறுத்தி, ஆளுக்கொரு முனையைப் பிடிப்பார்கள். மேல்முனை அக்காவுக்கு. பின்பக்கமாகவே படியேற வேண்டும். கீழ்முனை அவருக்கு. அவர்தான் அவளுக்குக் கண். "படி... படி... திருப்பம்... படி முடிஞ்சது, வா." அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவள் கால் வைப்பாள். பின்பக்கமாக ஏறுகிறவர் திரும்பிப் பார்க்கவே கூடாது. தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கை முறுக்கும், முறுக்கினால் கண்ணாடி தாங்காது. கல்யாணமான புதிதில் கற்றுக்கொண்டது. மகள் பிறந்து வளர்ந்து கல்லூரிக்கும் போயாகிவிட்டது. அக்கா ஒருமுறைகூடத் திரும்பியதில்லை.

அவளைத் திரும்ப வைத்தது ஒரு நாவல்.

கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசாமலிருக்க இடையில் காகிதம் கொடுப்பார்கள். அதற்காகப் பழைய பேப்பர் கடையில் வாங்கிய கட்டுக்குள் அந்தப் புத்தகம் கிடந்தது. கிழிப்பதற்கு முன் அக்கா முதல் பக்கத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த பிறகுதான் தலை நிமிர்ந்தாள்.

ஒரு வீட்டில் ஒரு கணவன், ஒரு மனைவி. கதையை மனைவி சொல்கிறாள். வைத்த சாவி வைத்த இடத்தில் இல்லை. போட்டு முடித்த மாத்திரை மறுநாள் அப்படியே இருக்கிறது. கேட்டால், "நீதான் மறந்துட்ட" என்று கணவன் தலையைத் தடவிக்கொடுக்கிறான். ஒருநாள் மின்சாரம் போன மாடிப்படியில் கையைப் பிடித்து இறக்குகிறான். "படி முடிஞ்சது, வா" என்கிறான். முடியவில்லை. அவள் உருண்டு விழுகிறாள்.

இந்த இடத்தில் அக்கா புத்தகத்தை மூடி மடியில் கவிழ்த்துக்கொண்டாள். அதே வார்த்தைகள். எங்கேயோ உட்கார்ந்து எழுதின ஆளுக்கு இது எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து அவள் தன் புருஷனைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள்.

"சீப்பை இங்கதானே வெச்சேன், யார் எடுத்தா?"

"எனக்கு எதுக்குடி சீப்பு?" என்று அவர் தன் வழுக்கையைத் தொட்டுக் காட்டினார்.

மகள் சிரித்தாள். "அம்மா, அது கதைம்மா. அப்பாவுக்குச் சதி பண்ற அளவுக்கு மூளை இருந்தா நாம ஏன் இந்தக் கடையில இருக்கோம்?"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அந்த வாரம் சலூன்காரர் மாடிக்கு இரண்டு கண்ணாடி கேட்டிருந்தார், சுவர் அளவுக்கு ஒன்று, சின்னதாக ஒன்று. பெரியது முதலில் ஏறியது. திருப்பம் தாண்டியது. கடைசியில் அவர் வழக்கம்போலச் சொன்னார்: "படி முடிஞ்சது, வா."

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

கண்ணாடி முறுக்கிக்கொண்டு முனகியது. மேல்முனை அவள் கையிலிருந்து நழுவ, அவர் அப்படியே தோளைக் கொடுத்துச் சுவரோடு சாய்ந்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. சலூன்காரர் சீப்பும் கையுமாக ஓடிவந்து மேலே பிடித்துக்கொண்டார். கண்ணாடி உடையவில்லை. உண்மையிலேயே படி முடிந்துதான் இருந்தது.

வண்டியில் திரும்பும்போது அவர், "சின்னதை ஏத்த நாளைக்குத் தச்சரைக் கூப்பிட்டுக்கறேன். இனிமே மாடி வேலைக்கு நீ வரவேணாம்" என்றார்.

"ஒருதடவைதானே..."

"ஒருதடவை போதும். கழுத்துல விழுந்திருந்தா?"

அக்காவுடையது என்று உலகத்தில் இருந்தது அந்த மேல்முனை ஒன்றுதான். புத்தகத்துக் கணவனும் இப்படித்தான், உன் நல்லதுக்கு என்று சொல்லியே மனைவியை ஒவ்வொன்றிலிருந்தும் விலக்கிக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலையில் புத்தகத்தின் மீதியைத் திறந்தாள். திறந்தால், கதையை இப்போது கணவன் சொல்கிறான்! அதே வீடு, அதே சாவி. தூக்கக் கலக்கத்தில் அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாளோ என்று பயந்து அவன்தான் ஒளித்து வைத்திருக்கிறான். அதே படிக்கட்டு, அதே இருட்டு. அவனுக்கும் படி தெரியவில்லை. அவளோடு அவனும் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டிருக்கிறான். அந்த முறிவைப் பற்றி மனைவி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. சாவியை ஒளித்ததைப் பற்றி அவனும் அவளிடம் வாய் திறக்கவில்லை.

அக்கா முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் முன்பு படித்த புத்தகம் அது இல்லை.

நேராகக் கடைக்குப் போனாள். அவர் மேசைமேல் குனிந்து கண்ணாடியில் அறுப்புக்கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நேத்து ஏன் திரும்பினேன்னு தெரியணுமா?"

நின்றபடியே மனைவி சொன்ன படிக்கட்டையும் கணவன் சொன்ன படிக்கட்டையும் உரக்கப் படித்தாள். அவர் அறுப்புச் சக்கரத்தைக் கீழே வைக்க மறந்து கேட்டார்.

"ஒரு புத்தகத்துக்காகவா என்னைச் சந்தேகப்பட்ட?"

"ஆமா."

"அவன் கையை உடைச்சிக்கிட்டது அவளுக்குத் தெரியவே தெரியாதா?"

"அவ விழுந்து கிடக்கறா. எப்படிப் பார்ப்பா?"

அவர் சட்டையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். மூடுவதற்குள் அக்கா பார்த்துவிட்டாள். நேற்றுக் கண்ணாடி அழுத்திய இடம் கன்றிப்போய் நீலமாக இருந்தது.

"சின்னதை நாமே ஏத்தலாம்" என்றாள். "ஆனா முனையை மாத்திக்கலாம்."

"உளறாத."

"சின்னதுதானே. ஒருதடவை."

சலூன் படியில் அவர் பின்பக்கமாக ஏறினார். அக்கா கீழ்முனையைப் பிடித்தாள். முதல் படியிலேயே கனம் அவள் கைக்குச் சரிந்து இறங்கியது. ஆளுக்குப் பாதி என்றல்லவா இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்! சின்னதே இப்படியென்றால்...

"ஏங்க, இவ்வளவு கனத்தையா நீங்க..."

"பேச்சை விடு! படியைச் சொல்லு!"

அவர் குரல் நடுங்கியது. நிமிர்ந்து பார்த்தாள். அந்த மனுஷர் இமைக்காமல் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தடவித் தடவிக் காலை வைத்தார். நெற்றியெல்லாம் வேர்வை. தன் முகமும் இத்தனை வருஷம் இப்படித்தான் அவர் கண்ணெதிரே இருந்திருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

"படி... படி... திருப்பம்... படி. படி முடிஞ்சது, வாங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காலைத் தூக்கிப் பின்னால் வைத்தார். சமதளம்.

கண்ணாடியை மாட்டி முடித்தார்கள். சலூன்காரர் கேட்டார்: "என்ன அண்ணே, இன்னைக்கு ரிவர்ஸ் கியரா?"

"எப்படிடி ஏறின இத்தனை வருஷம்?" என்றார் அவர், சலூன்காரரைக் கவனிக்காமல்.

"நீங்க சொன்னீங்க. ஏறினேன்."

கடைக்குத் திரும்பினபோது வாசலில் தச்சர் காத்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு மாடி வேலை ஏதோ சொன்னீங்களே?"

"வேணாம்பா" என்றார் கண்ணாடிக்காரர். "மேல்முனைக்கு ஆள் இருக்கு."

பிறகு அக்காவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அந்தப் புத்தகத்துல இன்னும் எத்தனை பக்கம் பாக்கி?"