முந்நூறு வாட் போதும் என்றார் கடைக்காரர்

இடது கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்து, ஆறமாட்டேன் என்று அடம்பிடித்தது. தஞ்சாவூர் டாக்டர் சர்க்கரை என்றார். "இன்சுலினைக் குளிர்ச்சியிலயே வச்சுக்கங்க. சூட்டுல கெட்டுப்போன மருந்தைப் போட்டுக்கிட்டா பச்சைத் தண்ணியப் போட்டுக்கிட்ட மாதிரிதான். அப்புறம் விரலை எடுக்க வேண்டியிருக்கும்" என்றும் சொன்னார். நானோ பட்டுக்கோட்டையில் தேங்காய் ஏற்றி டெல்லிப் பக்கம் போகிற லாரிக்காரன். கோடையில் என் கேபினில் அப்பளம் தானாகப் பொரியும். மனைவி சுருக்கமாக முடித்துவிட்டாள்: லாரிக்குள் பிரிட்ஜ் வேண்டும், இல்லையென்றால் லாரியே வேண்டாம்.

சின்னதாக ஒரு பிரிட்ஜ் கிடைத்தது. லாரி பேட்டரியிலிருந்து அதை ஓட்டுவதற்கு ஓர் இன்வெர்ட்டர் வேண்டும். நீடாமங்கலத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். எங்கள் பக்கம் யாரும் தனியாகப் போய் எதையும் வாங்குவதில்லை. தூதுக்குழுவாகத்தான் போவோம். ஆளுங்கட்சியில் கிளைப் பொறுப்பில் இருந்த மச்சான் வந்தார். அவரை மட்டும் கூட்டிப்போனால் அரசியலாகிவிடும் என்பதால் எதிர்க்கட்சிக்காரரான பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார். தலைமை அப்பா.

அப்பா பண்ணையில் கூலிக்கு நாற்றுப் பறித்தவர். விவசாயச் சங்கத்தில் கொடி பிடித்து, ஜெயிலுக்கும் போய், கடைசியில் மூன்று மா நிலத்துக்குப் பட்டா வாங்கியவர். அந்தப் போராட்டத்தில் அவர் கற்றுக்கொண்ட தத்துவம் ஒன்றுதான்: பத்து கேட்டால் மூன்று கிடைக்கும், மூன்றே கேட்டால் தடியடி கிடைக்கும்.

கடைக்காரர் நல்ல மனிதர். "என்னங்க ஓட்டப் போறீங்க?" என்று கேட்டார். பிரிட்ஜைப் பற்றிச் சொன்னேன். "முந்நூறு வாட் போதுங்க" என்றார்.

"மூவாயிரம் குடுங்க" என்றார் அப்பா.

"அவ்வளவு தேவைப்படாதுங்க, பேட்டரிதான் வீணாப்போகும்."

"கரண்டு ஆபீஸ்ல அஞ்சு குதிரைத்திறன் மோட்டாருன்னு எழுதிக் குடுத்துட்டு வயல்ல ஏழரை ஓட்டுற ஊருங்க இது" என்று மச்சான் பெருமையோடு சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் ஆமாம் போட்டார். மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொள்கிறவர்கள், இன்வெர்ட்டர் விஷயத்தில் கூட்டணி அமைத்துவிட்டார்கள்.

கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு மூவாயிரம் வாட் பெட்டியை எடுத்து வைத்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாழ்நாளில் முதல்முறையாகக் கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டது. அடுத்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

அரசாங்கம் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் இலவசமாகக் கொடுத்துவிட்டு, கரண்டை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்ட காலம் அது. பெட்டியை லாரியில் மாட்டி, பிரிட்ஜில் மருந்தையும் வைத்த அன்று மாலையே தெரு முழுக்க என் கேபினுக்கு வந்துவிட்டது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் தேங்காய்ச் சட்னி அரைத்தார்கள். செல்போன்கள் சார்ஜ் ஏறின. மச்சான் தன் கட்சிக் கூட்டத்துக்கு மைக் செட் ஒயரைக் கொண்டுவந்து சொருகினார். ஆளுங்கட்சிக்குக் கொடுத்தால் எங்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் நியாயம் கேட்டார். வயலைத் தோண்டி எரிவாயுக் குழாய் பதிக்கக் கூடாது என்ற கண்டனக் கூட்டத்துக்கு அப்பாவும் ஒயரை இழுத்தார். ஒரே லாரியிலிருந்து அரசாங்கம் வாழ்க என்றும் ஒழிக என்றும் மாறி மாறிக் கேட்டது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மறுநாள் காலை, லோடு ஏற்றக் கிளம்பலாம் என்று சாவியைத் திருகினேன். 'கட்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டு பேட்டரியும் செத்துக் கிடந்தன. இரண்டு கட்சியும் சங்கமும் ஒற்றுமையாகப் பின்னால் நின்று லாரியைத் தள்ளியும் அது அசையவில்லை. மனைவி கேபினில் ஏறி பிரிட்ஜைத் திறந்தாள். மருந்து பாட்டில்கள் குளிக்கிற வெந்நீர்போல வெதுவெதுவென்றிருந்தன.

"இன்னும் பெருசா ஒரு பேட்டரி போட்டுட்டா..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"மாமா, கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் அவள். அப்பாவிடம் அவள் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. "கரண்டுக்கு இத்தனை பேரு வந்தீங்களே, இவரு காலை யாராச்சும் நெனச்சீங்களா? விரலை எடுத்துட்டா உங்க சங்கம் போராடி வாங்கித் தருமா? இல்ல, இவங்க கட்சிதான் இலவசமாத் தருமா?"

அப்பா என் காலைப் பார்த்தார். புண் வந்த நாளிலிருந்து அவர் அதைப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

நானும் மனைவியும் மட்டும் கடைக்குப் போனோம். சட்னி தெறித்திருந்த பெட்டியைக் கொடுத்துவிட்டு முந்நூறு வாட் பெட்டியை வாங்கினாள். கடைக்காரர் பழைய பெட்டியைத் துடைத்து உள்ளே வைத்தார். பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றி, புது மருந்தும் வாங்கி வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

நாக்பூர் தாண்டி ஒரு மத்தியானம். தார் உருகிக்கொண்டிருந்தது. ஓரம்கட்டி பிரிட்ஜைத் திறந்து மருந்தை எடுத்தேன். சில்லென்றிருந்தது. ஊசியில் ஏற்றாமல் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். விரல் போய்விடுமோ என்று நான் எவ்வளவு பயந்துபோயிருந்தேன் என்பது அதுவரை எனக்கே தெரியாது.