விளக்கில் மிஞ்சிய எண்ணெய்

நான் மூன்றாம் கிளாசோடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் இலக்கத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யுத்த காலம். திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள்ளே இருந்த ஆத்துக்கு நான் கல்யாணமாகி நாட்டுப்பெண்ணாகப் போய் ஒரு வருஷம் ஆகியிருக்கும். சந்தி வேளையில் சுவாமி உள்ளில், பூஜை அறையில், ஏற்றும் விளக்கு எண்ணெய் தீருமுன்னே அணைந்துபோக ஆரம்பித்தது. அந்த உள்ளுக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தி வைத்தாலும் அணையும். சுடர் ஆடாது, குறுகாது. யாரோ குனிந்து ஊதின மாதிரி ஒரேயடியாகப் போகும்.

நான் ஏற்றினால்தான் அணைகிறது என்றார் மாமியார். என்னைத் திருநெல்வேலிக்கு, பிறந்தாத்துக்கே அனுப்பிவிடுவது என்று பேச்சு வந்தது. அப்படிப் போனவள் திரும்பி வருவது கிடையாது. மாமியார் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனி இலையில் மடித்துக் கட்டி சுவாமி முன்னே போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பது. வெள்ளையானால் நான் இருக்கலாம். வெள்ளைதான் வந்தது. கட்டு தளர்ந்திருந்தது என்று மறுபடி போட்டார். மறுபடி வெள்ளை. கை ஈரமாயிருந்தது என்றார். மூன்றாம் தடவை சிவப்பு. அதோடு நிறுத்திக்கொண்டார்.

என் ஆத்துக்காரரின் தம்பிதான், கணக்குப் போட்டுப் பார்க்காமல் மன்னியை அனுப்பக் கூடாது என்றான். மழைக்கும் விளைச்சலுக்கும் கணக்குப் போடுகிற ஆபீசில் அவன் குமாஸ்தா. கைப்பிடி சுற்றுகிற கணக்கு மெஷின் அங்கே உண்டு. அவன் சொன்னபடி ஐம்பது நாள் குறித்து வைத்தேன். விளக்கில் எத்தனை கரண்டி எண்ணெய் மிஞ்சியது, ஏற்றியது யார், மழையா, புதுத் திரியா, சாலைக் கடைத்தெருவில் எந்தக் கடை எண்ணெய் என்று இருபது சங்கதி.

கடைசியில் ஒரு காகிதம் கொண்டுவந்தான். வரிக்கு ஒரு சங்கதி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஓர் இலக்கம்.

"மன்னி, இது உங்க மேல குத்தம் எவ்வளவுன்னு சொல்லாது. நீங்க ஏத்தறதாலே ஒரு வித்தியாசமும் இல்லேன்னே வச்சுக்கோங்கோ. அப்பவும் வெறும் தற்செயலா இவ்வளவு வித்தியாசம், இல்லே இதுக்கும் மேலே, நூறுக்கு எத்தனை தடவை வரும்? அதுதான் இது."

"எனக்கு எத்தனை?"

"நாலு." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்துக்குக் கீழே போனால் தற்செயல் என்று தள்ளிவிடுவதில்லை, அதுதான் அவன் ஆபீஸ் வழக்கமாம். உள்ளே மாமியார் என் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

நான் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினேன். ஐந்துக்குக் கீழே என் வரி ஒன்றுதான்.

"நூறுக்கு அஞ்சுன்னா இருபதுக்கு ஒண்ணு. இருபது சங்கதி கேட்டிருக்கே. எதிலேயும் ஒண்ணுமில்லேன்னாலும் ஒண்ணு இப்படி வந்து நிக்காதோ? அம்மா மூணு தடவை பூப்போட்டா. நீ இருபது தடவை போட்டிருக்கே."

அவன் காகிதத்தை மடித்து ஜேபியில் வைத்தான். பிறகு, புதிதாக எண்ணலாம், ஒரே கேள்வி மட்டும் என்றான். தினம் ஒரு தடவை பூ எடுப்பது; வெள்ளையானால் நான் ஏற்றுவேன், சிவப்பானால் மாமியார். மறுபடி எடுக்கப்படாது. ஜயம் தனக்கே என்று நினைத்து மாமியாரும் சம்மதித்தார்.

நாற்பது சந்தி. என் இலக்கம் அறுபதைத் தாண்டியது. நீங்கள் இல்லை என்று இது நிரூபிக்கவில்லை மன்னி, உங்களைக் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை, அவ்வளவுதான் என்று அவன் பொறுமையாகச் சொன்னான். மாமியார் அதைக் காதில் வாங்கவில்லை. தன் கையால் ஏற்றிய நாள்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். அவர் விளக்கும் அணைந்திருந்தது. அதே அளவு எண்ணெய் மிஞ்சியிருந்தது.

"அப்போ நீ இல்லேன்னா," என்று ஆரம்பித்து, சுவாமி உள் பக்கம் பார்த்து நிறுத்திவிட்டார்.

அன்று சாயங்காலம் பெட்டியிலிருந்த என் புடவைகளைத் தன் கையாலேயே எடுத்து அலமாரியில் வைத்தார். சந்திக்கு என்னையும் கூட அழைத்துக்கொண்டு போனார். இருவரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே சுடர் போயிற்று. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சில்லிட்டிருந்தது.

"நீ எங்கேயும் போகப்படாது," என்றார்.

மறுபடி ஏற்ற எங்கள் இருவருக்கும் கை வரவில்லை.