சிவதாணு அண்ணாச்சி பார்த்த தொப்பிச் சின்னம்

வெள்ளிக்கிழமை காலை பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் சிவதாணு அண்ணாச்சியின் தங்கை ஆவுடையம்மாள். "அண்ணன் போயிட்டாரு. நீங்க வரணும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ராணுவ உடுப்புக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி, கிழக்கேகோட்டையில் தங்கையோடு குடியிருந்தார். பழைய ஸ்டுடியோ படங்களோடு ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள். பித்தானையும் தொப்பியையும் பார்த்து, எந்தப் படை, ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்லிவிடுவார். அதைச் செய்தியாக எழுதப் போனதில்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது.

நான் போயிருந்த அன்று, பக்கத்துச் சாலை பஜார்க் கடைக்காரர் ஒருவர் தன் தாத்தா கர்னல் என்று படத்தை நீட்டினார்.

"தோள்ல இறக்கை மாதிரி இருக்கு பாரும். பேண்டு வாசிச்சவருவே" என்றார் அண்ணாச்சி.

"அப்போ இந்த மீசை?"

"மீசைக்கு ரெஜிமெண்ட் கிடையாதுவே."

அண்ணாச்சி சிரித்து நான் பார்த்த கடைசி வருடம் அதுதான். அந்த வருடம் சாலை பஜாரில் ஒரு ஸ்டுடியோவை மூடும்போது, யாரும் வாங்க வராத படங்களை அவரிடம் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்றில் ஆவுடையம்மாளின் கணவர் இருந்தார். இரண்டாம் உலகப்போரின்போது பட்டாளத்துக்குப் போனவர், அதன்பின் கடிதம்கூட இல்லை. இறந்துவிட்டார் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். படத்திலோ, தொப்பிச் சின்னத்தில் ஆங்கிலேயர் காலத்துக் கிரீடம் இல்லை. குடியரசான பின் வந்த அசோகச் சிங்கம் இருந்தது. போர் முடிந்து பல வருடம் கழித்தும் உயிரோடு இருந்து, வீட்டுக்கு நடந்து வரும் தூரத்தில் படம் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வராமலே போயிருக்கிறார்.

அண்ணாச்சி படைக்கு எழுதிக் கேட்டார். அந்தப் பெயரில் ஆள் இல்லை என்று பதில் வந்தது. தங்கையிடம் உள்ளதைச் சொன்னார்: "வர நினைச்சவன் அன்னைக்கே வந்திருப்பான். இனி எதிர்பாக்காத."

ஆவுடையம்மாள் காதில் விழுந்தது, கணவர் உயிரோடு இருந்தார் என்பது மட்டும். பல வருடம் வெறுமையாயிருந்த நெற்றியில் மறுநாள் பொட்டு வைத்தார். வாசல் கதவைத் தாழிடுவதை நிறுத்தினார்.

"செத்தவனாவே விட்டிருக்கணும்வே. அழுது தீத்திருப்பா. நான் அந்தச் சிங்கத்தைப் பாத்துத் தொலைச்சேன்" என்று அண்ணாச்சி என்னிடம் பலமுறை சொன்னார். அதன்பின் யார் படம் கொண்டுவந்தாலும் முதலில் ஒன்று சொல்வார்: "தேதி படத்துக்குத்தான். ஆளுக்கு இல்ல."

தகனம் முடிந்து நான் வீட்டுக்கு வந்ததும் ஆவுடையம்மாள் அந்தப் படத்தையும் அண்ணாச்சி படம் பார்க்கும் லென்சையும் என்னிடம் தந்தார். "இனி நீங்கதான் பாத்துச் சொல்லணும். சிங்கம்தானே?"

பார்த்தேன். "சிங்கம்தான்" என்றேன்.

"அப்போ அவரு வருவாரு."

கிளம்பும்போது பழக்கத்தில் கதவைச் சாத்தப் போனேன். "அது கிடக்கட்டும்" என்றார்.

அண்ணாச்சி, உங்கள் கண் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அந்த ஒரு படத்திலாவது தவறியிருக்கலாம். போய் வாருங்கள்.