தோணிப்பாயில் தைத்த பெல்ட்

என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தைத்தான் ஆற அமர யோசித்துச் செய்தார். கல்யாணத்தைக்கூட அப்படிச் செய்யவில்லை. பெண் பார்க்க வந்தவர் காப்பியைக் குடித்தார், டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டார். அவர் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டது தன் என்ஜின் சைக்கிளைச் சத்தமில்லாமல் ஓட வைப்பது எப்படி என்பதற்காக. அந்த யோசனையில் எனக்குக் கிடைத்த வேலை போகப் பார்த்தது. அதைத்தான் எழுதுகிறேன். இதை அவரும் படிப்பார். படிக்கட்டும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து, கப்பல்கள் தூரத்தில் நிற்காமல் கரையோரமே வந்து நிற்க ஆரம்பித்திருந்தன. இவர் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க். காகிதக் கட்டைக் கொண்டுபோய்க் கப்பலில் கையெழுத்து வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. வீட்டில் பேசுவதைக் கேட்டால் இவர் கை காட்டாமல் ஒரு கப்பலும் நங்கூரம் போடாது என்று தோன்றும். அப்படிக் கையெழுத்து வாங்கப் போன இடத்தில், எந்த நாட்டுக்காரனோ ஒரு சமையல்காரன், சைக்கிளில் மாட்டுகிற சின்ன என்ஜின் ஒன்றை இவர் தலையில் கட்டிவிட்டான்.

அது முன் சக்கரத்துக்கு மேலே உட்காரும். அடியில் ஒரு உருளை. அந்த உருளை டயரை உரசி உரசித்தான் சக்கரம் சுற்ற வேண்டும். இவர் தெருமுனையில் திரும்பும்போதே கர்ரென்ற இரைச்சல் வீட்டுக்குள் வந்துவிடும். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "ஏளா, மாவு மில்லு வருது, அரிசிய எடுத்துட்டு ஓடியா!" என்பாள். தெருவே சிரிக்கும். நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை.

இவருக்கு அது ரோசமாகிவிட்டது. "பெரிய மனுசன் வண்டி சத்தம் போடாதுளா. எங்க மொதலாளி காரு வந்து நிக்கதே தெரியாது" என்றார். அந்தக் காருக்குள்ளே ஒரு முதலாளி இருக்கிறார், இங்கே யார் இருக்கிறார்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அது நான் பாதி வார்த்தையை விழுங்கிக்கொண்டிருந்த காலம்.

மார்க்கெட் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணாச்சியிடம் வண்டி போனது. அவர் விஷயம் தெரிந்த ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தபோது, என்னையும் வைத்துக்கொண்டே தெளிவாகச் சொன்னார்: "உருளைன்னா டயர உரசத்தான் செய்யும், உரசினா இரையத்தான் செய்யும். மழ பெஞ்சா வழுக்கவும் செய்யும். செயினு போட்டா வழுக்காது, ஆனா கடகடன்னு கெடக்கும், நம்ம ஊரு உப்புக்காத்துக்குச் சீக்கிரம் துருவும் புடிச்சிரும். சத்தம் ஆகாதுன்னா பெல்ட்டுதான். லாரிக்குப் போடுத ரப்பர் பெல்ட்டு ஒண்ணு வாங்கியாங்க, என்ஜின எறக்கி வச்சு, பின் சக்கரத்துல வளையம் மாட்டித் தாரேன்."

சொன்னபடி செய்தும் கொடுத்தார். பெல்ட் தொய்யாமல் இருக்க, அதை அமுக்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு சின்னச் சக்கரமும் வைத்தார். இரைச்சல் போய்விட்டது. என்ஜினின் புடுபுடு மட்டும் மிச்சம். அது சத்தம் இல்லையாம், கம்பீரமாம். இவர் சொன்னதுதான்.

புத்தியுள்ளவன் அதோடு நிறுத்தியிருப்பான். இவருக்கு ரப்பர் பெல்ட் கிளம்பும்போது ஒரு கீச்சுக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. காலை ஆறு மணிக்கு முற்றத்தில் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, குத்த வைத்து உட்கார்ந்து பின் சக்கரத்துக்குக் காது கொடுப்பார். நான் அடுப்பில் உலையைப் போட்டுவிட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்.

"கேக்குதா?"

"கேக்குது."

"எது கேக்குது? என்ஜினா, பெல்ட்டா?"

"நீங்க கத்துறதுதான் கேக்குது."

இப்படியே ஒரு மாசம். பிறகு ஒரு நாள் ஞானம் வந்துவிட்டது. துணியில் பெல்ட் போட்டால் கீச்சு வராதாம். பழைய துறைமுகத்தில் தோணிகளுக்குப் பாய் தைக்கிறவர் ஒருவரைப் பிடித்து, கெட்டிப் பாய்த்துணியை இரண்டாக மடித்துப் பெல்ட்டாகத் தைத்து வாங்கி வந்தார். அந்த மனுசன் தைத்துக் கொடுத்தபோது சொன்னதை இவரே வீட்டில் வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னார்: "பாய்த்துணி பனியில இறுகும், வெயிலுல நெகிழும். கடல்ல நாங்க கயித்த இழுத்துக் கட்டிக்கிடுவோம். நீங்க எத இழுத்துக் கட்டுவீயன்னு கேக்கான். ஊசி புடிக்கவனுக்கு என்ஜினப் பத்தி என்னளா தெரியும்?"

சைக்கிள் கடை அண்ணாச்சி எரிச்சலோடு பழைய வளையத்தைக் கழற்றித் தட்டை வளையம் மாட்டினார். "ஒண்ணு மட்டும் சொல்லுதேன். இந்த அமுக்குச் சக்கரத்த மட்டும் கழத்திராதீய. துணி தொய்ஞ்சா இதுதான் புடிச்சு நிறுத்தும்" என்றாராம். மறுநாள் காலையே இவர் அதில் ஒரு கிச்கிச்சைக் கண்டுபிடித்துவிட்டார். அன்றே கழற்றி ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தார். பெல்ட்டை இன்னும் ஒரு விரற்கடை குறைத்துத் தைத்து மாட்டினார்.

எங்கள் வீடு கடற்கரையை ஒட்டியது. காலை ஆறு மணிக்குக் கொடியில் கிடக்கிற துணிகூடப் பிசுபிசுவென்று நனைந்திருக்கும். அந்த ஈரத்தில் இறுகிப்போன பெல்ட் சத்தமே இல்லாமல் சுற்றியது. நானும் காது கொடுத்துக் கேட்டேன். உண்மையிலேயே இல்லை. இவர் கண்ணில் தண்ணீர். ஆபீஸ் பக்கத்திலேயே, போவது காலையில், வருவது பொழுது சாய்ந்து. ஒரு நாளாவது உச்சி வெயிலில் ஓட்டிப் பார்ப்போம் என்று தோன்றியதா? தோன்றாது. யோசிக்கிறவர் அல்லவா.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வேலை உத்தரவு வந்தது. ஆசிரியப் பயிற்சி முடித்து மூன்று வருஷமாகத் தபால்காரர் முகத்தைப் பார்த்துக் கிடந்தவள் நான். வேம்பார் போகிற ரோட்டில் பத்து மைல் தள்ளி ஒரு கடலோர கிராமம், மாதா கோயில் பள்ளிக்கூடம். இன்ன தேதி சாயங்காலம் நாலு மணிக்குள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. தபால் எங்கெங்கோ சுற்றி வந்ததில் மறுநாள்தான் அந்தத் தேதி.

காலை ஒன்பது மணி பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றேன். "பஸ்ஸுல கசங்கிப் போயா எறங்குவ? மத்தியானம் லீவு போட்டுட்டு வாரேன். நானே கொண்டு விடுதேன். டீச்சரு வந்து எறங்குறது தெரியாம எறங்கணும்ளா" என்றார். அதற்கு முன் என் வேலையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் சந்தோஷமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. இவர் டீச்சர் என்று சொன்னதில் உருகிவிட்டேன். பஸ்ஸை விட்டேன். முட்டாள்தனம் என்னுடையதும்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டுக்கு வருகிறேன் என்றவர் ஒன்றரைக்கு வந்தார். வந்தவர் வண்டியைத் துடைத்தார். ஹேண்டில்பாரைத் துடைத்தார், பெல்லைத் துடைத்தார், அதைத் தட்டியும் பார்த்தார். நான் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் ஏறும்போது மணி இரண்டு. ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். வெயில் கீழேயிருந்தும் அடித்தது. ஆறு மைல் போயிருப்போம். என்ஜின் திடீரென்று வேகமெடுத்துக் கத்தியது, வண்டி மட்டும் தளர்ந்து தளர்ந்து நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் பெல்ட் தொங்குகிறது.

குடிக்கக் கொண்டுவந்த பாட்டில் தண்ணீர் முழுவதையும் அதன் மேல் ஊற்றினார், நனைந்தால் இறுகுமாம். மறுபடி ஏறினோம். ஐம்பது அடி போயிருக்காது, ஈரத்துணி வழுக்கி வளையத்தை விட்டே வெளியே வந்து ரோட்டில் விழுந்தது.

"அந்த அமுக்குச் சக்கரம் எங்க?"

"வீட்டுல, பவுடர் டப்பாக்குள்ள இருக்கு."

தலையில் அடித்துக்கொண்டேன். இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு ஐம்பது. இன்னும் நாலு மைல். சாயங்கால பஸ் ஐந்து மணிக்கு மேல்தான்.

"சைக்கிள்தான இது, மிதிங்க" என்றேன்.

கெட்ட வார்த்தை பேசியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். உப்பு அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். துறைமுகத்துக்கு உப்பு ஏற்றிக்கொண்டு ஒரு லாரி கடந்து போனது. இவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இந்த டிரைவருமாரு எல்லாருக்கும் என்னயத் தெரியும். என்ஜின் வண்டிய மிதிச்சிக்கிட்டுப் போறத ஒருத்தன் பாத்தான்னா, நாளைக்கு நான் ஆபீஸுல தலை நிமிர முடியுமா?"

"அப்ப என்ன செய்யணும்ங்கிய?"

"வெயிலு தாழட்டும். ஈரக்காத்து வந்தா பெல்ட்டு தானா இறுகிரும்."

"எப்பத் தாழும்?"

"என்ன, ஒரு அஞ்சு மணிக்கு."

அஞ்சு மணி! மூன்று வருஷம் காத்திருந்தவள் நான். நாலு மணிக்கு என் வேலை போய்விடும். இந்த மனுசன் ஒரு முழத் துணி இறுகுவதற்காக என்னை உப்பளத்து வெயிலில் நிற்கச் சொல்கிறார். என் உடம்பெல்லாம் எரிந்தது. அவ்வளவு ஆத்திரம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

பெல்ட்டை ரோட்டிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "இந்தாங்க. இறுகுதா இறுகுதான்னு பாத்துக்கிட்டே இருங்க" என்றேன். சேலையை நாற்று நடுகிறவர்கள் மாதிரி முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகினேன். ஸ்ரீவைகுண்டத்தில் பள்ளிக்கூடம் படிக்கும்போது அண்ணன் சைக்கிளை வாய்க்கால் கரையில் ஓட்டிப் பழகியிருந்தேன். அதன் பிறகு எட்டு வருஷமாகத் தொட்டதில்லை. காலைத் தூக்கிக் குறுக்குக் கம்பிக்கு அந்தப் பக்கம் போட்டபோது இவர், "ஏளா! ஏளா! எறங்கு! ஊரு சிரிக்கும்!" என்று பதறினார்.

வண்டி இரண்டு முறை சாய்ந்தது. என்ஜின் கனம் ஒரு பக்கமாக இழுத்தது. உப்பளத்திலிருந்து ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தபடி ஓடி வந்தாள். என் காரியம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேரியரைப் பிடித்துக்கொண்டு, "மிதிக்கா, மிதி! கீழ பாக்காத!" என்று உப்பு அப்பிய கையால் தள்ளிவிட்டாள். பிடி விட்டதுகூடத் தெரியாமல் நான் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த நாலு மைலைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தொடை இரண்டும் கெஞ்சியது. ஓடாத அந்த என்ஜினை நான் சுமந்துகொண்டு போனேன். வழியெல்லாம் அவரைத் திட்டினேன், சத்தமாகவே திட்டினேன். கேட்க ஆளில்லை என்பது வசதியாக இருந்தது.

பள்ளிக்கூடத்து மணலில் வண்டி புதைந்து நின்றபோது நாலாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. பிள்ளைகள் எல்லா ஜன்னலிலும் தொங்கினார்கள். தலைமையாசிரியை ஒரு கன்னியாஸ்திரீ. என் சேலையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், முதலில் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தார். பிறகு பதிவேட்டைத் திருப்பி வைத்தார். என் கையெழுத்து வேறு யாருடையதோ மாதிரி விழுந்தது. அதன் மேல் ஒரு சொட்டு வேர்வை விழுந்து மையும் பரவிவிட்டது. பரவாயில்லை, காய்ந்தால் தெரியாது என்றார் சிஸ்டர். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

நாலரை மணிக்கு ஒரு காலி உப்பு லாரி வாசலில் நின்றது. டிரைவர் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் இறங்கினார். தலை சீவியிருந்தது. பெல்ட்டை அழகாக மடித்துக் கையில் வைத்திருந்தார். நான் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். என்ன இருந்தாலும் சொல்ல அவரைத் தவிர எனக்கு யார் இருந்தார்கள்? அவர் என் பக்கம் வந்து, சுற்றும் முற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "நீ மிதிச்சிக்கிட்டு வந்தத யாரும் பாக்கலியே?" என்றார்.

"பள்ளிக்கூடமே பாத்துச்சு" என்றேன்.

அவர் முகம் செத்துப்போனது. வண்டிப் பக்கம் போய், குனிந்து, பின் சக்கரத்தைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். என் சம்பளத்தில் வீடு கட்டினோம். அன்றைக்கு நான் நேரத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேனா இல்லையா என்று அந்த மனுசன் இன்றுவரை என்னைக் கேட்கவில்லை.