பொறுக்கி எறிந்த மருந்து

எழுபதுகளின் தொடக்கத்தில், மாண்ட்ரியலில் செயின்ட் லோரன்ட் பக்கம் இருந்த ஒரு மாத்திரைத் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. நிரந்தரமாவதற்கு ஆறு மாதம் ஒழுங்காக வர வேண்டும். அதற்குள் என் ஒற்றைத் தலைவலி நான்கு நாள் லீவைத் தின்றுவிட்டது. "இன்னொரு நாள் வரவில்லையென்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும்" என்று மேலாளர் சிரித்த முகத்தோடு சொன்னார். எம்.எஸ்ஸி. படித்துவிட்டு இரண்டு குளிர்காலம் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தவள் நான். அந்த வேலையை விடுவதாக இல்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையோ வலியோடு சேர்த்து என்னையும் தூங்கவைத்தது.

பக்கத்து மேசையில் ஹாங்காங் பெண் ஒருத்தி வேலை பார்த்தாள். ஒரு சனிக்கிழமை என்னைச் சைனா டவுன் மூலிகைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வைத்தியருக்கு ஆங்கிலம் வராது. இரண்டு கையிலும் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வலி பொட்டிலா பிடரியிலா என்று அவள் மூலம் விசாரித்தார். பிறகு சின்னச் சின்ன இழுப்பறைகளைத் திறந்து ஏழு பொட்டலம் கட்டினார். தினம் ஒரு பொட்டலத்தை மூன்று கிண்ணம் தண்ணீர் விட்டு ஒரு கிண்ணமாகச் சுண்டக் காய்ச்ச வேண்டும்.

"வேலை மாத்திரை கம்பெனியில, மருந்து வேர்க்கடையிலயா?" என்று சிரித்தார் என் கணவர்.

பருப்பைக்கூடப் பொறுக்காமல் உலையில் போட்டவள் அல்ல நான். தட்டில் கொட்டிப் பரப்பினேன். காய்ந்த சாமந்திப் பூ, வேர் வில்லைகள், நமக்குத் தெரிந்த அதிமதுரம். நடுவில் விறைத்துப்போன வெள்ளைப் புழுக்கள்!

"இங்க பாருங்க, புழு வச்ச சரக்கைத் தலையில கட்டிட்டாரு!"

ஏழு பொட்டலத்தையும் பிரித்து, புழுக்களைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு மிச்சத்தைக் காய்ச்சிக் குடித்தேன். வலி அசையவில்லை. புதன்கிழமை மேசையைப் பிடித்துக்கொண்டே சாயங்காலம்வரை ஓட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை அந்த ஹாங்காங் தோழியோடு கடைக்குள் நுழைந்ததுமே ஆங்கிலத்தில் கத்தினேன். "இது கடையா, குப்பைத் தொட்டியா? புழுத்ததைக் கொடுத்து என் வேலைக்கு உலை வைக்கப் பார்க்கிறாரா? அப்படியே சொல்லு அவர்கிட்ட!"

தோழி அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் ஒரு ஜாடியை இறக்கி, அதே புழுக்களைக் காகிதத்தில் கொட்டிக் காட்டினார். பட்டுப்புழு. என் தலைவலிக்கு அவர் நம்பிச் சேர்த்த முக்கியச் சரக்கே அதுதான்.

"இதையா தூக்கிப் போட்ட?" தோழிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எனக்கு அழுகை முட்டியது. நான் சுத்த சைவம். வேலையே போனாலும் அது என் தொண்டையில் இறங்காது என்று அவரிடம் சொல்லச் சொன்னேன். பீரோவில் இருந்த பட்டுப் புடவைகளைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அவர் இழுப்பறைகளை மறுபடி திறந்தார். புழுவுக்குப் பதில் ஒரு வேரும் ஏதோ விதையும் எடுத்தார். ஒவ்வொரு பொட்டலத்தையும் கட்டுவதற்கு முன் விரித்து, விரலால் கிளறி, எனக்குக் காட்டினார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை.

இரண்டு மாதம் குடித்தேன். வேரின் வேலையோ, தினமும் ஒரு கிண்ணத்தோடு அமைதியாக உட்கார்ந்ததோ, வலி வந்தாலும் என்னைப் படுக்கவைக்கவில்லை. ஒரு நாள்கூட லீவு போடவில்லை. வேலை நிரந்தரமானது.

கடிதம் வந்த அன்று கேன்டீனில் தோழி சொன்னாள். "அன்னிக்கு நீ கத்தினதை நான் சொல்லவே இல்ல. இந்தப் புழு எதுக்குன்னு கேக்கறாள்னு மட்டும்தான் சொன்னேன். சொல்லியிருந்தா வெளியே போன்னு சொல்லிடுவாரோன்னு பயம்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தச் சனிக்கிழமையே அவளை அழைத்துக்கொண்டு போய், அன்றைக்கு நான் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் அவரிடம் சொல்லி, மன்னிப்பும் கேட்கச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். இரண்டே வரி பேசினார்.

தோழி என் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கே புரிஞ்சுதாம். 'அந்தக் குரலுக்கு மொழிபெயர்ப்பு வேணுமா? தலைவலிக்காரங்க அப்படித்தான் கத்துவாங்க'ங்கிறார்."

எல்லாம் புரிந்துகொண்டுதான் அந்த மனிதர் ஏழு பொட்டலத்தையும் எனக்கு விரித்துக் காட்டியிருக்கிறார்.