யாரது டெய்லர்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரை எங்கள் சந்தில் யாரும் உபயோகிப்பதில்லை. 'யாரது டெய்லர்' என்றால்தான் தெரியும். அவர் கடை ஷட்டருக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. அந்தக் குறையை அவருடைய காது ஈடுகட்டியது. பூனை உரசினாலும் உள்ளேயிருந்து "யாரது?" என்று குரல் வரும். பக்கத்து டீக்கடைக்காரருக்கு இது ஒரு விளையாட்டு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஷட்டரை விரலால் சுண்டுவார். குரல் வந்ததும், "உன் நிழல்தான்யா" என்று சொல்லிவிட்டு நடப்பார்.

டெய்லர் இடுப்பளவை இரண்டு தடவை எடுப்பார். முதல் தடவை எல்லோரும் மூச்சை இழுத்துப் பிடித்து ஏமாற்றுகிறார்களாம். மிச்சத் துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது வாங்குகிறவர் முகத்தையே பார்ப்பார், தன்னைத் திருடன் என்று நினைக்கிறாரோ என்று. இன்னொரு மெஷினில் அவர் மனைவி. நாங்கள் அக்கா என்போம். கடையில் சிரிப்பதெல்லாம் அவர் பொறுப்பு.

டிரான்ஸ்பார்மர் கெட்டு, பகலில் கரண்ட் தன் இஷ்டத்துக்கு வந்து போனபோது டெய்லர் ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கினார். அயர்ன் பாக்ஸைப் போட்டால் மெஷின்களை நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் ஜெனரேட்டர் முனகும். விற்றவர் சொன்னபடி பின்பக்கக் காலியிடத்தில், கடையைவிட்டு நன்றாகத் தள்ளி, புகைக்குழாய் வெட்டவெளியைப் பார்க்க வைத்துச் சங்கிலி போட்டார். தினமும் காலையில் குச்சி விட்டுப் பெட்ரோலை அளந்தார். ஒருநாள் குறைந்திருந்தது.

சந்தேகம் நேராகப் பக்கத்துக் கடைக்குப் போனது.

"நான் பால்ல தண்ணிதான் கலக்கறேன் டெய்லரே. பெட்ரோல் கலக்கற அளவுக்கு எனக்கு வசதி இல்ல."

அன்றே ஜெனரேட்டர் துணி வெட்டும் பின்னறைக்குக் குடிவந்தது.

"அது புகை விடற சாமான்யா. வெளியிலயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்" என்றார் டீக்கடைக்காரர்.

"நீ பாத்துக்குவேன்னுதான் உள்ள வைக்கறேன்."

பின்னறை ஜன்னலைத் திறந்துவைத்து, அதில் ஒரு ஃபேனையும் மாட்டினார். புகை வாடை குறைந்தது. வாடை போனால் ஆபத்தும் போய்விட்டது என்று நம்பினார். எனக்குத் தெரிந்து அவர் சந்தேகப்படாமல் நம்பியது அது ஒன்றைத்தான்.

இருவருக்கும் தலைவலி வர ஆரம்பித்தது. அக்காவுக்குக் குமட்டலும் சேர்ந்துகொண்டது. டெய்லர் டீயைச் சந்தேகித்து நிறுத்தினார். வலி நிற்கவில்லை. புதிதாக வந்த துணிக்கட்டின் சாயத்தைச் சந்தேகித்தார். அக்காதான் ஒருநாள் சொன்னார்:

"என்னங்க, கரண்ட் இருக்கற அன்னைக்கு வலிக்கறதே இல்லையே?"

"கரண்ட் இல்லாத அன்னைக்கு மட்டம் போட வழி பாக்கறியா?"

அக்கா அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அடுத்த மழை நாளில் சாரல் அடித்தது. துணி நனையக்கூடாது என்று டெய்லர் ஜன்னலைச் சாத்தி, ஷட்டரை முழுக்க இறக்கினார். உள்ளே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் டீக்கடை பெஞ்சில் மழைக்கு ஒதுங்கியிருந்தேன். டீக்கடைக்காரர் எதிர்க்கடைக்கு டம்ளர்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் வழக்கம்போல ஷட்டரைச் சுண்டினார்.

குரல் வரவில்லை.

மறுபடி சுண்டினார். உள்ளங்கையால் அறைந்தார். "டெய்லரே!" பிறகு என் பக்கம் திரும்பினார். அப்படியொரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. "தம்பி, ஓடி வா. அந்த ஆளு கேக்காம இருக்க மாட்டானே."

இருவருமாக ஷட்டரைத் தூக்கினோம். அக்கா மெஷின்மேல் கன்னத்தை வைத்துக் கிடந்தார்; ஊசிக்கடியில் யாருடைய சட்டைக்கையோ பாதியில் நின்றிருந்தது. டெய்லர் சுவரோரம் சரிந்திருந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் நாங்கள் யார் என்று அவர் கேட்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு டீக்கடைக்காரர் அக்காவைத் தூக்கி மழையில் கொண்டுவந்து கிடத்தினார். "தங்கச்சி, மூச்சு விடும்மா, விடு." நான் டெய்லரை இழுத்தேன். அதற்குள் யாரோ ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டெய்லருக்குச் சீக்கிரமே தெளிந்துவிட்டது. அக்கா கண் திறக்க மறுநாள் ஆனது. அதுவரை டெய்லர் ஆக்சிஜன் குழாயையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஜெனரேட்டர் புகையில இருக்கற விஷவாயுவுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. ஜன்னலும் ஃபேனும் அதுக்குப் போதாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ள, கடைக்குள்ள ஓட்டவே கூடாது" என்றார் டாக்டர்.

பெட்ரோல் திருடனையும் பிறகு மெக்கானிக் பிடித்துக் கொடுத்தார். டாங்க் மூடியின் ரப்பர் வெடித்து, வெயிலில் பெட்ரோல் ஆவியாகப் போயிருந்தது.

இப்போது ஜெனரேட்டர் பழையபடி வெட்டவெளியில் இருக்கிறது, மேலே தகரக்கூரை மட்டும். இன்ஜின் ஆறிய பிறகுதான் டெய்லர் பெட்ரோல் ஊற்றுகிறார். சங்கிலியில் இரண்டு பூட்டு.

அக்கா கடைக்குத் திரும்பிய அன்று டெய்லர் டீக்கடைக்கு வந்தார். ரொம்ப நாள் கழித்து ஒரு டீ கேட்டார். பாதி குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு மழையில என் ஷட்டரை எதுக்குத் தட்டினே? உள்ள ஆள் இருக்கா இல்லையான்னு பாக்கத்தானே?"

டீக்கடைக்காரர் அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

"ஆமா டெய்லரே," என்றார். "அதுக்குத்தான்."